குழாயில் வருவது என்ன கோளாறு? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழி

திருப்பாப்புலியூரில் எங்கள் வீட்டுக் குழாயில் ஒரு மழைக்காலத்தில் லேசாகச் சாக்கடை வாடை அடித்தது. யோசிக்காமல் ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்கி அடுப்படியில் மாட்டினேன். குடிக்கிற தண்ணீரில் வாடை போய்விட்டது, குளிக்கிற தண்ணீரில் அப்படியே இருந்தது, இரண்டே மாதத்தில் மெஷினின் முதல் ஃபில்டர் சேறு மாதிரி ஆகிவிட்டது. சர்வீஸுக்கு வந்த தம்பி கழற்றிப் பார்த்துவிட்டு "உங்க தண்ணி சரியில்லைங்க" என்றார். அதற்காகத்தானே அப்பா இதை வாங்கினேன்! கடைசியில் சம்ப்பை இறைத்துப் பார்த்தால் பக்கச்சுவரில் ஒரு விரிசல், அதிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி எங்கள் செப்டிக் டேங்க். கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை.

அதனால் கீழே எந்த அறிகுறி உங்களுடையதாக இருந்தாலும், கோளாறு என்ன என்று கேட்பதற்கு முன்னால் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

முதல் வேலை: நாலு பாட்டில்

ஒரே மாதிரியான நாலு கண்ணாடி பாட்டிலை நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தெருக் குழாயிலிருந்து நேராக வரும் தண்ணீர் (போர் என்றால் மோட்டார் வாயிலேயே), இரண்டாவதில் சம்ப் தண்ணீர், மூன்றாவதில் மாடி டேங்க், நாலாவதில் அடுப்படிக் குழாய். எது எது என்று சீட்டு ஒட்டி, மூடி, ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், பிறகு மூடியைத் திறந்த உடனே முகர்ந்து பாருங்கள். சாக்கடை வாடை என்று சந்தேகம் இருந்தால் வாயில் வைக்க வேண்டாம்.

நாலும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் கோளாறு தெருவிலோ பூமிக்குள்ளோ இருக்கிறது. ஒன்று நன்றாக இருந்து இரண்டு கெட்டிருந்தால் சம்ப், இரண்டு நன்றாக இருந்து மூன்று கெட்டிருந்தால் மாடி டேங்க், நாலு மட்டும் என்றால் வீட்டுப் பைப். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, பாதிப் பிரச்சினை இங்கேயே பிடிபட்டுவிடும்.

டி.டி.எஸ். மீட்டர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேனா மாதிரி இருக்கும் அந்தக் கருவி தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று உத்தேசமாகக் காட்டும், அவ்வளவுதான். கிருமி அதற்குத் தெரியாது. சாக்கடை லேசாகக் கலந்த தண்ணீரும் 300 காட்டும், நல்ல கிணற்றுத் தண்ணீரும் 300 காட்டும். விற்க வருகிறவர்கள் மீட்டரை முக்கி எண்ணைக் காட்டிப் பயமுறுத்தினால் "சரி" என்று கேட்டுக்கொள்ளுங்கள், அன்றைக்கே காசு கொடுக்காதீர்கள். இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500-ன்படி 500 வரை ஏற்கத்தக்கது, வேறு நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை விடலாம். 30, 40 என்று காட்டும் தண்ணீர்தான் உயர்ந்தது என்று எங்கேயும் எழுதியில்லை.

வரும்போது பளிங்கு, கொஞ்ச நேரத்தில் காவி

நம் ஊரில் போர் வைத்திருக்கிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. பிடிக்கும்போது தெளிவாக இருக்கும், குடத்தில் அரை மணி ஒரு மணி நேரம் நின்றதும் மஞ்சளாகி அடியில் காவி படியும், வெள்ளை வேட்டி பழுப்பாகும். இது இரும்பு. பூமிக்குள் காற்று படாமல் இருந்தபோது கரைந்திருந்த இரும்பு மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறிப் பிரிகிறது. கேப்பர் மலைச் செம்மண்ணைப் பார்த்தவர்களுக்கு, நிலத்தடியில் இரும்பு எங்கிருந்து வருகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கி ஒரு சிட்டிகை தண்ணீரில் போடுங்கள், இரும்பு கணிசமாக இருந்தால் நீலம் கலந்த கறுப்பாக மாறும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்ததும் இதே சங்கதிதான். பால் கலக்காத டீ மை மாதிரிக் கறுக்கிறது என்று வீட்டில் புலம்பினால் அதுவும் இதே காரணத்தால் இருக்கலாம்.

ஆனால் திறந்த நொடியிலேயே சிவப்பாக வந்து ஒரு வாளி போனதும் தெளிந்துவிட்டால் அது நிலத்தடி இரும்பு இல்லை, உங்கள் பழைய ஜி.ஐ. (இரும்பு) பைப்பின் துரு. காலையில் முதல் தண்ணீர் மட்டும் அப்படி வருகிறதா என்று பாருங்கள். அதற்கு மருந்து பைப்பை மாற்றுவது.

இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியில் கறை பிடிக்கும், சுவையும் மாறும், ஆனால் இந்த அளவில் உடம்புக்குப் பெரிய ஆபத்து இல்லை. சரிசெய்ய முதலில் காற்றுப் பட விடுங்கள். டேங்கில் தண்ணீர் விழும் பைப்பின் வாயில் ஓட்டை போட்ட மூடி மாட்டி மழை மாதிரி விழவைத்து, சில மணி நேரம் தெளியவிட்டு, மேலாக எடுத்து மணல் ஃபில்டரில் விட்டால் பெரும்பகுதி போய்விடும். படிந்ததை மாதம் ஒரு தரம் அடி வால்வைத் திறந்து வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் நேராக ஆர்.ஓ.வில் விட்டால் உள்ளே வடிகட்டும் சவ்வு (மெம்பரேன்) அடைத்துக்கொள்ளும், காசு போச்சு. டேங்க் சுவரில் ஆரஞ்சு நிறத்தில் வழுவழுவென்று பிசின் மாதிரி ஒட்டியிருந்தால் அது இரும்பைத் தின்று வளரும் பாக்டீரியா, நோய் தராது, ஆனால் தேய்த்துக் கழுவிக் குளோரின் போடாமல் போகாது.

வாயில் வைத்தால் கரிக்கிறது

தேவனாம்பட்டினம், தாழங்குடா, அந்தப் பக்கம் புதுச்சேரிக் கடற்கரைக் குப்பங்கள் என்று கடலை ஒட்டி இருக்கிறவர்களுக்கு இது புதுசு இல்லை. நேற்று வரை நன்றாக இருந்த போர் இந்தக் கோடையில் கரிக்கிறது என்றால்தான் கவனிக்க வேண்டும்.

கரையோர மணலில் மழையால் ஊறிய நல்ல தண்ணீர், கனமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கணக்கு என்னவென்றால், கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி இருந்தால் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள், மேலே 1 அடி இறைத்துக் குறைத்தால் நாளடைவில் உப்பு 40 அடி மேலே ஏறிவரும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதனால் நூறு குடத்தில் இரண்டு குடம் கடல்நீர் சேர்ந்தாலே டி.டி.எஸ். 700 ஏறிவிடும்.

இந்த ஒரு விஷயத்துக்கு மீட்டர் உண்மையிலேயே உதவும். மோட்டார் போட்ட உடனே ஒரு தரம், ஒரு மணி நேரம் ஓடியபிறகு ஒரு தரம் அளந்து எழுதிவையுங்கள். ஓட ஓட எண் ஏறினால் உங்கள் மோட்டாரே கீழேயிருந்து உப்பை இழுக்கிறது என்று அர்த்தம். குதிரைத்திறன் குறைந்த மோட்டார் போட்டு, ஒரே மூச்சில் இறைக்காமல் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். மாடி மழைநீரை உறை கிணற்றுப் பக்கம் இறக்கிவிடுங்கள், இரண்டு மூன்று மழைக்காலத்தில் வித்தியாசம் தெரியும்.

"இன்னும் நூறு அடி இறக்கினா நல்ல தண்ணி வரும் அண்ணே" என்பார் போர் போடுகிறவர். சில இடத்தில் வரும், ஏனென்றால் நம் பகுதியில் மேல் மணலுக்குக் கீழே களிமண் மூடிய மணற்கல் அடுக்கில் நல்ல தண்ணீர் உண்டு. ஆனால் மேலே இருக்கும் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்காதபடி கேசிங் பைப்பை ஒழுங்காக இறக்கி அடைக்காவிட்டால் கீழே இருப்பதும் கெடும், பக்கத்து வீட்டுக்காரருடையதும் சேர்ந்து கெடும். தெருவில் யார் எத்தனை அடி போட்டார்கள், இப்போது எப்படி இருக்கிறது என்று நாலு வீட்டில் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

கொதிக்கவைத்தால் உப்பு போகாது, கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. உண்மையில் தேவைப்படும் இடம் இது. குடிக்க, சமைக்க மட்டும் வையுங்கள், கழிவாக வெளியேறும் தண்ணீரைத் தரை கழுவப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாக்கடை வாடை, முதல் சில நிமிடம் கலங்கல்

இதில்தான் உயிர்ச்சேதம் இருக்கிறது. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் வரும் வழி இது. அறிகுறி பார்த்த நிமிடமே அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் பல் துலக்குவதையும் நிறுத்திவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

நம் தெருக் குழாயில் தண்ணீர் ஒரு சில மணி நேரம்தான் வருகிறது. மீதி நேரம் பைப் காலி. சாக்கடைக்கு அருகில் ஓடும் பைப்பில் ஒரு இணைப்பு கசிந்தால், தண்ணீர் வரும்போது வெளியே ஒழுகும், நின்றபிறகு வெளியே தேங்கியது உள்ளே போகும். அடுத்த நாள் முதலில் திறக்கிற வீட்டுக்கு அதுதான் வந்து சேரும். இதில் தெருக் குழாயில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுவது இருக்கிறதே, அது எரிகிற தீயில் எண்ணெய். நீங்கள் இழுக்கிற இழுப்பில் கசிவு வழியாகச் சாக்கடையும் சேர்ந்து வரும். சட்டப்படியும் தப்பு. எல்லோரும்தான் மாட்டியிருக்கிறார்கள் என்பீர்கள், தெரியும், எங்கள் தெருவிலும் அப்படித்தான்.

ஒன்றாம் பாட்டில் கெட்டிருந்தால் தெருவில் மேலேயும் கீழேயும் நாலு வீட்டில் கேளுங்கள். எந்த வீடு வரை நன்றாக வருகிறது, எந்த வீட்டிலிருந்து வாடை என்று தெரிந்தால் கசிவு அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில். கடலூரில் மாநகராட்சி, புதுச்சேரியில் பொதுப்பணித்துறை, கிராமம் என்றால் ஊராட்சி. புகாரில் "தண்ணீர் சரியில்லை" என்று மட்டும் எழுதாமல் இந்தக் கதவு எண்ணிலிருந்து இந்தக் கதவு எண் வரை, இந்த நேரத்தில், இத்தனை நாளாக என்று எழுதினால் எங்கே தோண்டுவது என்று வருகிறவர்களுக்குத் தெரியும். பைப் சரியாகும் வரை, வரும் தண்ணீரில் முதல் பத்து நிமிடத்தைச் சம்ப்பில் விடாதீர்கள், குடிக்க வேறு இடத்துத் தண்ணீர் பிடியுங்கள், அதையும் கொதிக்கவைத்தே குடியுங்கள். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் நின்றால் போதும், கால் மணி நேரம் காஸை எரிக்க வேண்டியதில்லை.

இரண்டாம் பாட்டிலிலிருந்து ஆரம்பித்தால் எங்கள் வீட்டுக் கதை. சம்ப்பைக் காலி செய்துவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் சுவரில் எங்கேயாவது ஈரம் கசிந்து கோடு போட்டிருந்தால் அதுதான் வழி. ஒரு எச்சரிக்கை, பல நாள் மூடிக்கிடந்த சம்ப்புக்குள் திறந்த உடனே இறங்காதீர்கள், தனியாகவும் இறங்காதீர்கள். உள்ளே பிராணவாயு குறைந்திருக்கும், மயங்கி விழுந்தவரைத் தூக்கப்போன இன்னொருவரும் சேர்ந்து சாவது அடிக்கடி நடக்கிறது.

அழுகிய முட்டை வாடை

இதைச் சாக்கடை என்று நினைத்து அலறுவார்கள். பெரும்பாலும் இல்லை. காற்றில்லாத ஆழத்தில் சில பாக்டீரியாக்கள் கந்தகச் சத்தைத் தின்று வெளிவிடும் வாயு இது, சதுப்பும் களிமண்ணும் உள்ள பக்கத்துப் போரில் சகஜம். ஒரு வாளியில் பிடித்துத் திறந்தபடி கால் மணி நேரம் வையுங்கள். வாடை போய்விட்டால் இந்த வாயுதான், மேலே சொன்ன மழைத் தூவல் முறையே இதற்கும் போதும். வெந்நீரில் மட்டும் அடித்தால் கீசருக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பியைப் பாருங்கள். பத்து நாள் ஊருக்குப் போய்வந்து திறந்தபோது அடித்தால் பைப்பில் தேங்கியது, ஓடவிட்டால் போய்விடும். அடுப்படியில் மட்டும் அடிக்கிறதா? ஒரு டம்ளரில் பிடித்து வாசலுக்குப் போய் முகருங்கள், பாதி நேரம் வாடை சிங்க் ஓட்டையிலிருந்துதான் வரும்.

வெள்ளை, கறுப்பு, ப்ளீச்சிங் வாடை

பால் மாதிரி வந்து டம்ளரில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் காற்றுக் குமிழி, விட்டுவிடுங்கள். மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் படிந்தால் மண்.

பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு, சோப்பு நுரைக்காதது எல்லாம் கடினத்தன்மை. கீசருக்குக் கேடு, உங்களுக்கு இல்லை. கல் வந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், போதுமான அளவு தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் கல்லுக்கு அதிகம் வழிவிடும்.

கறுப்புத் துகளை விரலால் நசுக்குங்கள். ரப்பர் மாதிரி இழுத்தால் குழாய் வாஷர், கரி மாதிரிப் பொடிந்தால் ஃபில்டரின் கார்பன், டேங்க் சுவரெல்லாம் கறுப்பாகப் படிந்தால் மாங்கனீசு.

ப்ளீச்சிங் பவுடர் வாடை அடித்தால் சந்தோஷப்படுங்கள். கடைக்கோடி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பிடிக்கவில்லை என்றால் அகலப் பாத்திரத்தில் அரை மணி நேரம் திறந்துவையுங்கள்.

வெள்ளம் வந்து வடிந்த பிறகு

2011 டிசம்பரில் 'தானே' புயல், 2015 மழை, 2024-ல் ஃபெஞ்சல் புயலோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டது என்று நமக்கு இது சில வருடத்துக்கு ஒருமுறை வரும் பாடம். சம்ப் மூடிக்கு மேல் வெள்ளம் நின்றிருந்தால் உள்ளே இருப்பது தெளிவாக இருந்தாலும் நம்ப வேண்டாம். முழுதும் இறைத்து, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 முதல் 200 கிராம் ப்ளீச்சிங் பவுடர் என்று போட்டு ஒரு நாள் முழுக்க வைத்து, பைப்புகளிலும் கொஞ்சம் ஓடவிட்டு, பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். இது டேங்க் கழுவும் அளவு, குடிக்கிற அளவு இல்லை. குடிக்கிற தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம்தான், போட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். பவுடரை நேராகக் கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். திறந்து பல மாதம் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. ஆசிடோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், வரும் வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

கலங்கல் தண்ணீருக்குப் பாட்டி தேற்றாங்கொட்டை இழைத்துவிடுவார். அது தெளியவைக்கும், உண்மைதான். ஆனால் கிருமி சாகாது, தெளிந்த பிறகு கொதிக்கவைத்தே ஆக வேண்டும்.

மருந்து வாடை, எண்ணெய்ப் படலம், வினோத நிறம்

உப்பனாற்றை ஒட்டிய சிப்காட் பக்கம், குடிகாடு, ஈச்சங்காடு மாதிரி ஊர்களில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். ரசாயன வாடையோ தோலில் எரிச்சலோ இருந்தால் வீட்டு வைத்தியம் ஒன்றும் கிடையாது. கொதிக்கவைத்தால் ஆவியாகும் ரசாயனம் அடுப்படிக் காற்றில் கலக்கும், ஈயம் மாதிரி உலோகம் இன்னும் அடர்த்தியாகும், எந்தச் சரக்கு கலந்திருக்கிறது என்று தெரியாமல் எந்த ஃபில்டரையும் நம்ப முடியாது. அந்தக் கிணற்றை விட்டுவிட்டு வேறு தண்ணீருக்குப் போங்கள், தேதியும் நேரமும் எழுதி ஒரு பாட்டில் பிடித்துவைத்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஒரு அறிகுறியும் இல்லை

எனக்குப் பயமே இதுதான். நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. உரம் போட்ட வயலுக்கும் செப்டிக் டேங்குக்கும் பக்கத்தில் உள்ள கிணற்றில் அது ஏறும். அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம், இதற்கு மேல் ஒரு சலுகையும் தரப்படவில்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால் மாவு கரைத்துக் கொடுத்தால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உதடு நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் நைட்ரேட் கூடும், குறையாது. அடுத்தது ஃப்ளோரைடு, 1.5-ஐத் தாண்டக் கூடாது. கிருமியும் அப்படித்தான், நூறு மில்லிலிட்டரில் மலத்திலிருந்து வரும் ஈ.கோலை பாக்டீரியா ஒன்று கூட இருக்கக் கூடாது, கண்ணுக்கு மட்டும் பளிங்காக இருக்கும். கேன் தண்ணீர் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும், கேன் எத்தனை தரம் வெயிலில் கிடந்தது, உள்ளே எப்போது கழுவினார்கள் என்பது டி.டி.எஸ். மீட்டரில் வராது.

அதனால் சொந்தக் கிணறோ போரோ இருந்தால் மழைக்காலம் முடிந்து ஒரு தரம், நல்ல கோடையில் ஒரு தரம் பரிசோதனைக்குக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பரிசோதனை, இரண்டு பாட்டில். ரசாயனப் பரிசோதனைக்கு அதே தண்ணீரால் மூன்று முறை அலசிய பாட்டில் போதும், பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வேண்டாம். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான், அதை அலசக் கூடாது, உள்ளே போட்டிருக்கும் மருந்து குளோரினை முறிப்பதற்காக இருக்கிறது. குழாய் வாயைத் துடைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பிடித்து, ஐஸ் வைத்த டப்பாவில் போட்டு ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். சனிக்கிழமை மாலை பிடித்துத் திங்கட்கிழமை கொடுத்தால் அந்தக் காகிதத்தில் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. சீட்டில் கிணற்றின் ஆழம், செப்டிக் டேங்க் எத்தனை அடி தூரம், கடைசியாக எப்போது ப்ளீச்சிங் போட்டீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள், ரிப்போர்ட் வந்ததும் முதலில் நைட்ரேட் வரியையும் ஈ.கோலை வரியையும் பாருங்கள், டி.டி.எஸ்.ஸை அப்புறம் பார்க்கலாம்.